ஆர்கன் ஸ்காலர்ஷிப் கிடைத்தால் கட்டணம் குறையுமா?

லண்டனில் வாழும் யாழ்ப்பாணத் தந்தை ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மகளுக்குப் பதினாறு வயது. ஆறு ஆண்டுகளாகத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறாள். சிறு வயது முதல் கர்நாடக இசையில் வாய்ப்பாட்டும் கற்றவள். பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்க விரும்புகிறாள். "யுனிவர்சிட்டி காலேஜில் ஆர்கன் ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பம் போடு, நன்றாகப் படித்தால் கல்வி ஸ்காலர்ஷிப்பும் சேர்ந்து கிடைக்கும்" என்று அவளுடைய ஆசிரியை சொன்னாராம். இது எந்தக் கல்லூரி, எவ்வளவு பணம் வரும், இதனால் அனுமதி எளிதாகுமா, படிப்பு கெட்டுவிடாதா என்பவை தந்தையின் கேள்விகள்.

பணத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டணம் கண்ணுக்குத் தெரியும் அளவில் குறையாது. அந்த ஒரு காரணத்துக்காக விண்ணப்பிப்பதானால் வேண்டாம். ஆனால் ஆசிரியை சொன்ன அறிவுரை தவறானதன்று. அவர் சொன்ன இரண்டு ஸ்காலர்ஷிப்புகளும் ஒரே பெயரைத் தாங்கிய இருவேறு பொருள்கள் என்பதுதான் விளங்கிக்கொள்ள வேண்டியது. கல்வி ஸ்காலர்ஷிப் நன்றாகப் படித்ததற்குத் தருவது; ஆர்கன் ஸ்காலர்ஷிப் கல்லூரிச் சிற்றாலயத்து ஆராதனைகளில் ஆர்கன் வாசிக்கும் பணிக்காக ஒரு மாணவருக்குத் தருவது.

கல்லூரியின் பெயரிலேயே முதல் குழப்பம் இருக்கிறது. இங்கிலாந்தில் யுனிவர்சிட்டி காலேஜ் என்ற பெயரில் குறைந்தது மூன்று இடங்கள் உள்ளன. லண்டனில் உள்ளது 1826இல், சமயச் சார்பு பாராமல் எவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற கொள்கையோடு தொடங்கியது. "கவர் தெருவின் கடவுளற்ற நிறுவனம்" என்று அக்காலத்தில் அதைப் பழித்தார்கள். அங்கே கல்லூரிச் சிற்றாலயம் இல்லை. சிற்றாலயம் இல்லாத இடத்தில் நாம் பேசும் வகையான ஆர்கன் ஸ்காலர்ஷிப்பும் இல்லை. இரண்டாவது டர்ஹம் நகரத்தில், பழைய கோட்டைக்குள்ளேயே இயங்கும் கல்லூரி. 1832இல் நிறுவப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் கல்லூரியும் அதுவே. சிற்றாலயமும் பாடகர் குழுவும் அங்கு உண்டு. மூன்றாவது ஆக்ஸ்ஃபோர்டின் யுனிவர்சிட்டி காலேஜ். மாணவர்கள் அதைச் சுருக்கமாக "யூனிவ்" என்பார்கள். கணிதத்தையும் ஆர்கனையும் சேர்த்து ஆசிரியை பேசியிருப்பதால், அவர் மனத்தில் இருந்தது பெரும்பாலும் இந்த மூன்றாவதாகத்தான் இருக்கும். ஆகவே ஆக்ஸ்ஃபோர்டையும், ஏறத்தாழ அதே முறையைப் பின்பற்றும் கேம்பிரிட்ஜையும் வைத்தே மேலே எழுதுகிறேன்.

அடுத்த குழப்பம் சொல்லில். தமிழ்நாட்டில் ஸ்காலர்ஷிப்பை உதவித்தொகை என்கிறோம். அச்சொல்லைக் கேட்டதும் வறுமையும் பணமும்தான் நினைவுக்கு வருகின்றன. இலங்கையில் வழங்கும் புலமைப்பரிசில் என்ற சொல் ஆக்ஸ்ஃபோர்டின் கல்வி ஸ்காலர்ஷிப்புக்கு நன்றாகப் பொருந்தும். புலமைக்குத் தரும் பரிசு, அவ்வளவே. ஆர்கன் ஸ்காலர்ஷிப்புக்கோ இரண்டும் பொருந்தா. அதற்கு நம் பழைய மரபில் நெருங்கிய உறவினர் கோயில் மானியம்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட நாற்பத்தெட்டுப் பிடாரர்களையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் அமர்த்தி, ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் என்று முதலாம் இராசராசன் கல்வெட்டில் பொறித்துவைத்தானே, அந்த வகை. பாடுவதற்காகத் தரப்பட்டது அந்த நெல். பாடாவிட்டால் நெல் இல்லை.

உண்மையில் இந்தக் கல்லூரிகளே ஸ்காலர்ஷிப்புகளாகத்தான் பிறந்தன. 1249இல் இறந்த டர்ஹம் வில்லியம் என்ற குருவானவர், இறையியல் பயிலும் பத்துக்கும் மேற்பட்ட பட்டதாரிகளைப் பராமரிக்க 310 மார்க் பணம் விட்டுச் சென்றார். அந்த அறக்கட்டளை வளர்ந்து யுனிவர்சிட்டி காலேஜ் ஆயிற்று. "ஸ்காலர்" என்றால் நன்றாகப் படிக்கும் பையன் என்று அக்காலத்தில் பொருள் இல்லை. நிறுவனர் வைத்துச் சென்ற சொத்திலிருந்து உண்ணவும் உறங்கவும் உரிமை பெற்ற உறுப்பினர் என்றே பொருள். அந்த உரிமை இல்லாதவர்கள் சொந்தப் பணத்தில் படித்தார்கள், அல்லது வேலை செய்து படித்தார்கள். ஐசக் நியூட்டன் 1661இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தது பிறருக்கு ஏவல் செய்து செலவைக் குறைத்துக்கொள்ளும் மாணவனாகத்தான். 1664இல்தான் அவர் ஸ்காலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆக்ஸ்ஃபோர்டின் மாக்டலன் கல்லூரியில் ஸ்காலர்களை இன்றும் "டெமி" என்று அழைப்பதற்குக் காரணம், ஃபெல்லோ எனப்படும் கல்லூரியின் மூத்த உறுப்பினர் ஒருவருக்குக் கிடைக்கும் படியில் பாதி அவர்களுக்குக் கிடைத்ததே. ஸ்காலருக்கு ஒரு படி கீழே "எக்ஸிபிஷன்" என்று ஒரு விருது உண்டு. கண்காட்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பராமரிப்புப் படி என்னும் பழைய பொருளில் வருவது. நமக்கு அந்நியமான சொல்லாகத் தோன்றினாலும், ராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றபோது சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்ட் உதவித்தொகை தந்தது. அதற்கு மேல் டிரினிட்டி கல்லூரி தந்த 60 பவுண்ட் இத்தகைய எக்ஸிபிஷன்தான். சென்னையின் பணத்தில் 50 பவுண்ட் கும்பகோணத்துக் குடும்பத்துக்குப் போயிற்று என்பதை நினைத்தால், அந்த 60 பவுண்ட் அன்று எவ்வளவு பெரிது என்று புரியும்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கல்வி ஸ்காலர்ஷிப் என்பது நுழைவுத் தேர்வில் கிடைப்பது. பள்ளிகள் தங்கள் சுவரில் அந்தப் பெயர்களைப் பொன்னெழுத்தில் எழுதி வைத்தன. தேர்வுக்கென்றே ஒரு பருவம் கூடுதலாக மாணவர்களைப் பயிற்றுவிக்கும் வசதி தனியார் பள்ளிகளிடம் மட்டும் இருந்ததால் அது நியாயமற்றதாகிவிட்டது என்ற வாதம் வலுத்து, 1980களின் நடுவில் இரு பல்கலைக்கழகங்களும் நுழைவு ஸ்காலர்ஷிப்பைக் கைவிட்டன. எனவே தங்கள் மகள் கல்வி ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்க இயலாது. அப்படி ஒரு படிவமே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் முதலாண்டுத் தேர்வில் மிக உயர்ந்த தேர்ச்சி பெற்றால் கல்லூரியே ஸ்காலராகத் தேர்ந்து கடிதம் அனுப்பும்; சற்றுக் குறைந்தால் எக்ஸிபிஷன். தொகை கல்லூரிக்குக் கல்லூரி மாறினாலும் பொதுவாக ஆண்டுக்கு 200, 300 பவுண்ட் என்ற அளவில்தான் நிற்கும். பாடநூல் வாங்கவும் ஒரு நல்ல விருந்து உண்ணவும் போதும். இதைவிட மாணவர்கள் பெரிதாக எண்ணுவது அங்கியை. சாதாரண மாணவரின் அங்கி கையில்லாத குட்டைத் துணி. ஸ்காலரின் அங்கி முழங்கால் வரை நீண்டு, அகன்ற கைகளோடு வீசும். தேர்வு அறைக்கே இந்த உடையில்தான் போக வேண்டும் என்பதால், யார் ஸ்காலர் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இது மற்றவர்களின் மனத்தைத் தளர்த்துகிறது என்று மாணவர்களுக்குள்ளேயே விவாதம் நடந்திருக்கிறது. என் கருத்தில் அந்த மனக்குறை நியாயமானதே.

ஆர்கன் ஸ்காலர்ஷிப் இதற்கு நேர்மாறானது. இதற்கு விண்ணப்பிக்க வேண்டும், போட்டியிட வேண்டும், அதுவும் எல்லோருக்கும் முன்பாக. மற்ற விண்ணப்பதாரர்களுக்கு, பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பெறும் பொது அமைப்பான யூகாஸின் கடைசி நாள் அக்டோபர் நடுவிலும் நேர்முகம் டிசம்பரிலும் வரும். ஆர்கன் போட்டியோ செப்டம்பரிலேயே முடிந்துவிடும். கோடை விடுமுறை முழுவதும் அதற்கான ஆயத்தத்தில் போகும் என்று பொருள். ஒரே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் விண்ணப்பிக்கக் கூடாது என்ற பொதுவிதிக்கு ஆர்கன் போட்டியாளர்களுக்கு விலக்கு உண்டு. இரண்டில் எது முதல் விருப்பம் என்று சொல்லிவிட வேண்டும்.

பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று: ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வோர் ஆண்டும் இடம் காலியாவதில்லை. பெரும்பாலான கல்லூரிகள் மூத்தவர், இளையவர் என இருவரை வைத்திருக்கும். ஒருவர் படிப்பை முடித்துப் போகும்போதுதான் அடுத்தவரை எடுப்பார்கள். ஆகவே யூனிவ்தான் வேண்டும் என்று மனத்தை இறுக்கிக்கொள்ளக் கூடாது. எந்தக் கல்லூரிகளில் அந்த ஆண்டு இடம் உள்ளது என்ற பட்டியலைப் பார்த்து, விருப்ப வரிசை கொடுக்க வேண்டும். முதலில் கேட்ட கல்லூரி எடுக்காவிட்டாலும் வேறொன்று அழைக்கக்கூடும்.

போட்டியில், ஆயத்தம் செய்த உருப்படிகளை வாசிப்பது பாதிகூட இல்லை. முன்பின் பார்க்காத இசைக்குறிப்பை வைத்து அக்கணமே வாசிக்கச் சொல்வார்கள். ஒரு ஞானப்பாட்டைக் கொடுத்து, சுருதியை ஓரிரு படி ஏற்றியோ இறக்கியோ வாசிக்கச் சொல்வார்கள். நான்கு குரல்களுக்கான நான்கு வரிகளை ஒரே நேரத்தில் கண்ணால் படித்து விரலுக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். ஒரு மெட்டைத் தந்து உடனுக்குடன் விரித்து வாசிக்கச் சொல்வார்கள். நாம் மனோதர்மம் என்று சொல்வதற்கு மிக அருகில் வருவது இது. கற்பனை ஸ்வரம் பாடிப் பழகிய பிள்ளைக்கு இங்கே பயம் குறைவாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன், மேற்கத்திய ஒத்திசை இலக்கணம் வேறு என்றாலும்கூட. கடைசியாக, முன்பின் அறியாத பாடகர் குழு ஒன்றின் முன் நிறுத்தி, பத்து நிமிடத்தில் ஒரு பாடலைச் சீர்படுத்தச் சொல்வார்கள். நன்றாக வாசிக்கும் பிள்ளைகள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். ஆர்கன் முன் முதுகைக் காட்டி உட்கார்ந்தே பழகியவர்களுக்கு, இருபது பேரின் கண்ணைப் பார்த்து "ஆல்ட்டோ, மூன்றாம் அடியில் தாழ்ந்து போகிறீர்கள்" என்று, தாழ்ந்த பெண்குரல் வரியைப் பாடுபவர்களிடம் சொல்ல நா எழாது. ஊர்த் தேவாலயத்தில் ஞாயிறு பாடகர் குழுவை ஆறு மாதம் நடத்திப் பார்ப்பதே இதற்கு மிகச் சிறந்த பயிற்சி.

அனுமதி எளிதாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கணித ஆசிரியர்கள் தனியாக நேர்முகம் நடத்துவார்கள். அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால், இசையமைப்பாளர் பாஹின் உருப்படிகளை எவ்வளவு அழகாக வாசித்தாலும் இடம் இல்லை. ஏ லெவல் மதிப்பெண் நிபந்தனை அப்படியே நிற்கும். கேம்பிரிட்ஜ் கணிதமென்றால் ஸ்டெப் என்ற கூடுதல் கணிதத் தேர்வும் நிற்கும். ஆனால் இருபுறமும் தகுதியுள்ள பிள்ளைகள் உலகில் மிகக் குறைவு என்பதும், அத்தகையவரைக் கல்லூரி இழக்க விரும்பாது என்பதும் உண்மை. பின்கதவு என்று இதை நினைக்க வேண்டாம். முன்கதவுதான், ஆனால் இரண்டு பூட்டு.

இனி வேலை. ஆக்ஸ்ஃபோர்டில் பருவம் எட்டு வாரம், ஆண்டுக்கு மூன்று பருவம். சிறிய கல்லூரிகளில் வாரத்துக்கு ஒன்று முதல் மூன்று மாலை ஆராதனைகள் இருக்கும். நியூ காலேஜ், மாக்டலன், கிறைஸ்ட் சர்ச் போன்று சிறுவர் பாடகர் குழுவைக் கொண்ட பெருங்கல்லூரிகளில் ஏறத்தாழ நாள்தோறும். பெருங்கல்லூரியில் முழுநேர இசை இயக்குநர் இருப்பார். ஆர்கன் ஸ்காலர் அவருக்குக் கைகொடுத்தால் போதும். சில சிறிய கல்லூரிகளிலோ பத்தொன்பது வயதுப் பிள்ளையே இயக்குநர். பாடல் தேர்வு, பாடகர்களைச் சேர்ப்பது, சளி பிடித்த டெனருக்கு (உயர்ந்த ஆண்குரல் பாடகருக்கு) மாற்று ஆள் தேடுவது, பாட்டுத் தாள்களை அடுக்கி வைப்பது வரை எல்லாம் அவர் தலையில். எது நல்லது என்பது பிள்ளையைப் பொறுத்தது. முதல் வகையில் கற்பது உயர்ந்த இசை. இரண்டாம் வகையில் மனிதர்களை நடத்தும் கலை.

நான் மூன்று ஆண்டுகள் ஒரு கல்லூரியின் பாடகர் குழுவில் பாடியவன். எங்கள் ஆர்கன் ஸ்காலர் வேதியியல் மாணவர். ஆய்வகம் ஐந்து மணிக்கு முடியும், ஒத்திகை ஐந்தேகாலுக்கு. வியாழக்கிழமைதோறும் மிதிவண்டியில் மூச்சிரைக்க வந்து, கையில் அமில வாடையோடு அமர்ந்து வாசிப்பார். இரண்டாம் ஆண்டு முடிவில் பொறுப்பை விட்டுவிட்டார்; விட்ட பிறகுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தோம். மருத்துவமும் ஆய்வக அறிவியலும் இந்தப் பணியோடு எளிதில் ஒத்துப்போவதில்லை என்பது இதனால்தான். கணிதம் அப்படியன்று. விரிவுரைகள் பெரும்பாலும் காலையில் முடிந்துவிடும், கணக்குகளை இரவிலும் போடலாம். அந்த வகையில் தங்கள் மகள் தேர்ந்த பாடம் வசதியானதே.

வேலைக்கு ஈடாக வருவது என்ன? ஆண்டுக்குச் சில நூறு பவுண்ட் ரொக்கம். அதற்கு மேல், பணமாகச் சொல்லாமல் பொருளாகத் தரப்படுபவை: கல்லூரிச் செலவில் நல்ல ஆசானிடம் ஆர்கன் பாடம், பல இடங்களில் பியானோ வைத்த அறை, ஆராதனைக்குப் பின் இலவச உணவு, கோடையில் வெளிநாட்டு இசைப் பயணம். எல்லாவற்றுக்கும் மேலாக, நள்ளிரவிலும் திறந்து வாசிக்க ஒரு குழாய் ஆர்கனின் சாவி. இசை வாழ்வை நாடும் பிள்ளைக்கு இந்தச் சாவியே பெரிய செல்வம். டாகன்ஹாமின் எளிய குடும்பத்துப் பிள்ளை டட்லி மூர், மாக்டலன் கல்லூரிக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான்; பிற்பாடு அவர் நகைச்சுவை நடிகரானது வேறு கதை. 1970இல் பிரதமரான எட்வர்ட் ஹீத், தச்சரின் மகன். 1935இல் பேலியல் கல்லூரியில் சேர்ந்த முதல் பருவத்திலேயே ஆர்கன் ஸ்காலர்ஷிப்பை வென்றார். அவர் படித்தது இசையன்று, தத்துவமும் அரசியலும் பொருளாதாரமும். அன்று அந்தத் தொகை வாழ்க்கைச் செலவைத் தாங்கியது. எண்ணிக்கையை உயர்த்தாமல் விட்டதால் இன்று அது அடையாளமாகச் சுருங்கிவிட்டது.

பெண் என்பதால் தயங்க வேண்டியதில்லை. ஆனால் வரலாறு இனிமையானதன்று. மாக்டலன் கல்லூரி 1458இல் தொடங்கியது. அங்கே முதன்முதலாக ஆர்கன் ஸ்காலராகத் தேர்வான பெண், இக்காலத்தில் பலரும் அறிந்த ஆனா லாப்வுட்தான். ஐந்தரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. படிப்பு முடிந்த கையோடு 2016இல், இருபத்தொரு வயதில், கேம்பிரிட்ஜ் பெம்ப்ரோக் கல்லூரியின் இசை இயக்குநரானார். சமயத்தைப் பொறுத்தவரை, ஆங்கிலிக்கன் சபையின் பற்றுறுதியைப் பட்டத்துக்கு நிபந்தனையாக வைத்திருந்த வழக்கம் 1871ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போய்விட்டது. ஆராதனை ஆங்கிலிக்கன் முறையில் நடக்கும். வாசிப்பவர் கத்தோலிக்கரா, சைவரா, நம்பிக்கையற்றவரா என்று பொதுவாகக் கேட்பதில்லை. ஆராதனைக்குரிய மரியாதையோடு வாசித்தால் போதும்.

பாட்டுக்கும் தனி ஸ்காலர்ஷிப் உண்டு என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் பதினாறு சிறுவர்களோடு பதினான்கு மாணவர்கள் பாடுகிறார்கள். 1968இல் மேடையேறிய கிங்ஸ் சிங்கர்ஸ் குழு இவர்களிலிருந்து கிளைத்ததே. அங்கே பெரியவர்களும் ஆண்கள்தாம். ஆனால் கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் 2022 முதல் சிறுமியரையும் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. டிரினிட்டி, கிளேர் முதலிய கல்லூரிகளில் இருபாலரும் பாடும் குழுக்கள் நெடுங்காலமாக உண்டு. கர்நாடக சங்கீதப் பயிற்சி இதற்குத் தடையன்று. சுருதி சுத்தம் அதில் தானாக வருகிறது. ஆனால் கமகம் இல்லாமல் ஸ்வரத்தை நேராக நிறுத்தவும், தன் குரல் தனித்துத் தெரியாமல் பக்கத்தில் நிற்பவரின் குரலோடு கரைக்கவும், மேற்கத்திய ஐங்கோட்டு இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் பாடவும் பழக வேண்டும். ஆர்கன் வாசிப்பவள் என்பதால் மூன்றாவது ஏற்கெனவே கைவசம் இருக்கும்.

பணத்துக்கான வழி வேறு இடத்தில் இருக்கிறது. பிரிட்டனில் நிலையான வதிவுரிமையோடு வாழும் குடும்பம் என்றால், 2025-26 கல்வியாண்டில் கட்டணம் 9,535 பவுண்ட். அதற்கு அரசுக் கடன் உண்டு, பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கி வருமானம் வரம்பைத் தாண்டிய பிறகே திருப்பிச் செலுத்துவார். வீட்டு வருமானம் குறைவாக இருந்தால் ஆக்ஸ்ஃபோர்டின் கிராங்க்ஸ்டார்ட், கேம்பிரிட்ஜ் பர்சரி போன்ற உதவித்திட்டங்கள் ஆயிரக்கணக்கான பவுண்டுகளைத் திருப்பித் தர வேண்டாத உதவியாகவே தருகின்றன. இவற்றுக்கு ஆர்கனும் வேண்டாம், முதல் வகுப்பும் வேண்டாம். மாணவர் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது குடும்ப வருமான விவரத்தை மறைக்காமல் பகிர ஒப்புக்கொண்டால் போதும். நம்மவர்களில் பலர் "நம் வருமானத்தை ஏன் காட்ட வேண்டும்" என்று அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டு, உரிய பணத்தை இழக்கிறார்கள். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ நேராக வர எண்ணும் பிள்ளைகளின் நிலை வேறு. ஆக்ஸ்ஃபோர்டில் வெளிநாட்டவர் கட்டணம் ஆண்டுக்கு 35,000 பவுண்டுக்கு மேல். அதன் முன் சில நூறு பவுண்ட் இசை விருது கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

இப்போது செய்ய வேண்டியது இது. இடம் காலியாகும் கல்லூரிகளில் மூன்றைத் தேர்ந்து, அங்குள்ள இசை இயக்குநருக்கோ சிற்றாலயக் குருவானவருக்கோ மகளே கடிதம் எழுதட்டும்; தாங்கள் எழுத வேண்டாம். வந்து வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு அழைப்பார்கள். பருவ நாளில், வார நடுவில் போகட்டும். மாலை ஆராதனைக்குப் பின் அங்குள்ள ஆர்கன் ஸ்காலர் இறங்கி வருவார். அவரிடம், போன வாரக் கணக்குத் தாளை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு முடித்தார் என்று மட்டும் கேட்கட்டும்.